பதினோராம் எண் கூண்டு

நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தால் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர்?" என்பதுதான். வேதாரண்யத்துக்கு மேற்கே, கடல் கண்ணில் படாத ஊர் அது. இருந்தும் வயலில் நிற்பவர், டீக்கடையில் இருப்பவர், பால் ஊற்றப் போகிறவர் எல்லோருக்கும் அந்த எண் வேண்டும். ஒன்றும் இரண்டும் என்றால் எங்கோ நடுக்கடலில் ஏதோ உருண்டுகொண்டிருக்கிறது. மூன்றும் நான்கும் என்றால் துறைமுகத்துக்கே காற்று வரக்கூடும். ஐந்திலிருந்து ஏழு வரை ஆபத்து. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேராபத்து. வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பத்தோடு அது முடிகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பதினோராவது கூண்டு ஒன்று உண்டு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பத்தைவிடப் பெரிய காற்றாக இருக்குமோ என்று பார்த்தால், அதற்குக் காற்றின் அளவோடு சம்பந்தமே கிடையாது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று துறைமுகத்தில் இருப்பவரே தீர்மானித்து ஏற்றுகிற கூண்டு அது. முதல் பத்தும் கடலைப் பற்றிச் சொல்கின்றன. சொல்வதற்கு இனி ஆள் இல்லை என்கிறது பதினொன்று.

2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குத் தம்பியோடு பேசினேன். நான் திருச்சியில். அவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் அம்மாவும் ஊரில். "காத்து ஏறிக்கிட்டே இருக்குண்ணே, நீ தூங்கு, காலைல பேசுறேன்" என்றான். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் என்று சேதியில் சொன்னார்கள். காலையில் தம்பியின் போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எண், டீக்கடை எண், திருத்துறைப்பூண்டியில் இருக்கும் மாமாவின் எண் எதுவுமே எடுக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, வீட்ல பேசுனீங்களா?" என்று கேட்டார்கள். நானும் அதையேதான் அவர்களிடம் கேட்டேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்று எண்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் எந்த எண்ணும் எதிர்முனையில் ஒரு கோபுரம் நின்றால்தான் எண்.

மூன்றாம் நாள் கிளம்பினேன். திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் சாலை என்று ஒன்று இல்லை. மரத்தின்மேல் கம்பம், கம்பத்தின்மேல் கம்பி, அதன்மேல் இன்னொரு மரம். ஊர்ப் பையன்கள் அரிவாளும் ரம்பமுமாக ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். பைக்கை ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டு மீதியை நடந்தேன். அடையாளத்துக்கு வைத்திருந்த தோப்புகள் ஒன்றுகூட நிற்காததால் பிறந்த ஊருக்கே வழி கேட்க வேண்டியிருந்தது.

வீட்டை நெருங்கியபோது வாசலில் கூட்டம். நெஞ்சு அடைத்துவிட்டது. கிட்டே போனால் எல்லோர் இடுப்பிலும் குடம்.

*

எங்கள் அப்பாயி பெரிய புயல் இரண்டைப் பார்த்தவர். 1952 நவம்பர் கடைசியில் வந்தது அவருக்குப் 'பழைய புயல்'. 1977 நவம்பர் 12இல் வந்தது 'புதுப் புயல்'. நம் பக்கத்துக் கடல்களில் எழும் புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. கஜா என்பது இலங்கை கொடுத்த பெயர்; யானை என்று அர்த்தம். அதற்கு முந்தைய புயல்களை மக்கள் ஆண்டாலும் ஊராலும் சொந்தச் சாவுகளாலும்தான் நினைவு வைத்திருந்தார்கள். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964. எங்கள் தெருவில் ஒருவருக்கு வயது கேட்டால், "பழைய புயலப்போ நான் கைக்குழந்தை" என்பார்.

புதுப் புயலின்போது எனக்கு எட்டு வயது. அப்பாயி அன்று செய்ததெல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது. முதலில் மாடுகளை அவிழ்த்துவிட்டார். கட்டிய மாடு கொட்டகையோடு சாகும், அவிழ்த்த மாடு திடல் தேடிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. பிறகு கூரைக்கு மேலே குறுக்காகக் கயிறு போட்டு முளையடித்து இழுத்துக் கட்டச் சொன்னார். அடுப்புக்கு நாலு நாள் விறகைத் திண்ணையிலிருந்து உள்ளே ஏற்றினார். விதைநெல் பத்தாயத்தில் இருந்ததால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதன் கால்கள் தரையிலிருந்து முழங்கால் உயரம். கடைசியாக நிலப்பத்திரம் இருந்த தகரப் பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு, ஒரு பானைச் சோற்றை வடித்துத் தண்ணீர் ஊற்றி மூடினார். இதில் எதையும் யாரும் அவருக்கு எழுதித் தரவில்லை. எழுதித் தந்திருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

புயலைப் பற்றி அப்பாயி சொன்னதில் ஒன்றை மட்டும் வெகுநாள் நான் கதை என்று நினைத்திருந்தேன். "மொதல்ல வாடை அடிக்கும். அப்புறம் கப்புனு நின்னுபோவும். நெலா தெரியும். முடிஞ்சுதுன்னு வெளில போவாத. அதுக்கப்பறம் சோழகம் வரும், அதுதான் எமன்." பாடப்புத்தகத்தில் புயலின் கண் என்று படித்தபோதுதான் கிழவி வானிலை பேசியிருக்கிறாள் என்று புரிந்தது. நடுவில் அமைதியான ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சுழலும் காற்று. வட்டம் நம் தலைக்கு மேலே கடந்தால், வடக்கிலிருந்து அடித்த காற்று நின்று, தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். வாடை ஒரு மரத்தின் வேரை ஒரு பக்கமாக நெகிழ்த்தி வைக்கிறது, சோழகம் மறுபக்கமாகச் சாய்த்துவிடுகிறது.

கஜா அன்று காற்று சட்டென்று நின்றதும் தம்பி மாட்டுக்கொட்டகையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறான். அம்மா கதவை மறித்துக்கொண்டு, "இப்பதான்டா பாதி போயிருக்கு" என்று கத்தியிருக்கிறார். அப்பாயி செத்து இருபது வருஷம் ஆகியும் அன்றைக்கு அவர் சொல் வாசலில் நின்று ஓர் ஆளைக் காப்பாற்றியது. தம்பிக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அம்மாவுக்கு அது கதையாக இருக்கவில்லை. 1977இல் அப்பாயிக்குப் பக்கத்தில் நின்று அந்த அமைதியைத் தன் காதால் கேட்டவர் அவர்.

*

அரசாங்கமும் கற்றுக்கொண்டது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1977 புயலில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது எச்சரிக்கை என்று ஒரு சொல்கூட வரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கஜாவுக்கு அப்படி இல்லை. புயல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. கரையோரத்திலிருந்து 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் ஊர்வரை வந்தது. இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு விதம், எண்ணை எண்ணோடு வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியில்லை. ஆனாலும் காதில் விழுந்த எச்சரிக்கை உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆழிப்பேரலையைப் பார்த்த கண்கள், கிளம்பு என்றதும் கிளம்பின.

அந்த இரவுக்கு நாம் தேறியிருந்தோம். தேறாமல் போனது மறுநாள் காலைக்கு.

டெல்டா முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு விளக்கு எரிய 36 நாள் ஆனது. விளக்கு இல்லாமல் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. ஊரில் எல்லா வீட்டிலும் போர் போட்டு மோட்டார் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனதும் இரண்டாம் நாளே மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மணிக்கு இவ்வளவு என்று பேசி, வீடு வீடாக நிறுத்தித் தண்ணீர் ஏற்றுகிற ஒரு தொழிலே முளைத்தது. அதே ஜெனரேட்டரில் போன் சார்ஜ் போட வரிசை. மிக்ஸியும் கிரைண்டரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைகளாக இருந்தன. கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்த அம்மிக்கல்லைப் பெண்கள் புரட்டி எடுத்துக் கழுவினார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தைப் புதுப்பானையில் மணலும் தண்ணீரும் ஊற்றி வைத்துப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் நின்ற குடங்களின் காரணம் இதுதான். தெருவிலேயே தூர்க்காமல் விட்ட கிணறு எங்களுடையது மட்டும். அதை அம்மா விட்டுவைத்ததற்குப் பேரிடர் பற்றிய ஞானம் எதுவும் காரணமில்லை. போர்த் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு. அதில் பருப்பு வேகாது. மணல்மேட்டுக் கிணற்றில் மேலாகத் தேங்கும் மழைநீர் இனிப்பு. "மூடிட்டா கார் நிறுத்தலாம்" என்று தம்பி பத்து வருஷம் சொல்லியும், பருப்பைக் காட்டியே அம்மா அதைத் தள்ளிவிட்டிருந்தார். கயிறும் சகடையும் தினமும் ஓடியதால் துருப்பிடிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஒரு தெருவே ஒரு கிழவியின் பருப்புக்குழம்பால் பிழைத்தது.

இதற்கு மறுபக்கமும் வீட்டிலேயே இருந்தது. புயலுக்கென்று தம்பி ஒரு டார்ச் லைட் வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தான். அன்றிரவு எடுத்தபோது பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எரிந்தது, ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போகும்போது அவன் கொண்டுபோகிற கீறல் விழுந்த பழைய டார்ச். புயலுக்காக எடுத்துவைத்த பொருளில் பாதி புயல் அன்று வேலை செய்யாது. அப்பாயியின் பத்தாயம், கயிறு, பரண், விறகு எல்லாம் அன்றாடம் கைபட்ட பொருள்கள். புயல் அன்று அவர் அவற்றை நகர்த்தி மட்டும் வைத்தார். கரையோரத்தில் கட்டப்பட்டிருக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்குப் 'பல்நோக்கு' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். அதிலும் இந்த அறிவுதான் இருக்கிறது. பள்ளிக்கூடமாகவோ கூட்டம் நடக்கும் இடமாகவோ புழங்குகிற கட்டிடம் அன்றைக்குத் திறந்திருக்கும். பூட்டியே கிடப்பதற்கு முதலில் சாவியைத் தேட வேண்டும்.

*

இவ்வளவு எழுதிவிட்டு, முன்னேற்பாடு என்பது வீட்டுப் பழக்கம் என்று முடித்தால் அது வீடு உள்ளவனின் பேச்சு. எங்களிடம் கிணறு இருந்தது, ஏனென்றால் எங்களிடம் மனை இருந்தது. புறம்போக்கில் கீற்றுக்குடிசை போட்டிருக்கும் குடும்பத்துக்குப் பரண் எங்கே, பத்தாயம் எங்கே? மூன்று நாளைக்கான குடிநீர், உலர்ந்த உணவு, மருந்து, ரேடியோ, சான்றிதழ்களை நீர்புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று துண்டுப்பிரசுரம் சொல்கிறது. அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்குகிற வீட்டில் மூன்று நாள் உணவு என்பது மூன்று நாள் கூலி. அவர்களில் கொஞ்சம் தலையெடுத்தவர்கள் கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரமும் சிமெண்ட் அட்டையும் போட்டிருந்தார்கள். கீற்று பறந்தால் கூரை போகும், தகரம் பறந்தால் கழுத்து போகும். முன்னேற்றம் என்று நினைத்து ஏற்றிய கூரைக்கு அடியில் அன்றிரவு யாரும் படுக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயும் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வயதுக்கு வந்த சிறுமியை வழக்கப்படி தனிக்குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். அந்த இரவு குடிசைமேல் தென்னை விழுந்தது. சேதித்தாளில் படித்தபோது நான் எழுதிவைத்திருந்த 'மரபு அறிவு' என்கிற சொல்லை அடித்துவிட்டேன். மாட்டை அவிழ்த்துவிடச் சொன்ன அதே மரபுதான் ஒரு பெண்பிள்ளையை வெளியே கட்டிவைத்தது. எந்த வீடு எவ்வளவு தயாராக இருந்தது என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்க வேண்டும்.

நிவாரண லாரிகள் வந்தபோதும் இந்தக் கணக்கு தொடர்ந்தது. மெயின்ரோட்டில் இருந்த ஊர்களுக்கு ரொட்டியும் போர்வையும் இரண்டு மூன்று தடவை கிடைத்தன. உள்ளே இருந்தவர்கள் ரோட்டுக்கு வந்து கைநீட்டி வண்டியை மறித்தார்கள். அறுவடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மரக்காலில் அளந்து போட்ட ஒருவரை அந்த வரிசையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். நானும் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். அதற்கும் ஒரு பை கட்டிவைக்க முடியுமா?

*

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் கஜாவைப் பற்றி எழுத முடியாது. பேராவூரணி, பட்டுக்கோட்டை தொடங்கி வேதாரண்யம் வரை லட்சக்கணக்கான தென்னைகள் போயின. வேரோடு சாய்ந்தவை ஒருபக்கம். நின்றும் பிழைக்காதவை இன்னொரு பக்கம்: குருத்து முறுக்கிக்கொண்ட தென்னை பார்ப்பதற்கு உயிரோடு இருக்கும், நாலு மாதத்தில் மட்டை தொங்கிவிடும். ஒரு மரத்துக்கு நிவாரணம் 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அகற்றும் கூலிக்கு. தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருஷம் வேண்டும். அதுவரை வயிறு என்ன செய்யும் என்பதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் ஒதுக்க முடியாது.

அந்தக் காட்டு வெளியில் தனித்தனியாக நின்றவை பனைகள். ஊர் ஊராக எல்லோரும் சொன்னது இதைத்தான்: தென்னை விழுந்தது, பனை நின்றது. வரப்பில் பனை வைத்தவன் தன் ஆயுளில் நுங்கைக் காண்பது நிச்சயமில்லை. அதனால்தான் செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் வெட்டப்பட்டபோது யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. தென்னை மாதாமாதம் காசு கொடுத்தது, அதுவே தோப்பாயிற்று. ஒரே பயிரை நம்பிய வட்டாரம் ஒரே இரவில் மொத்தமாகத் தோற்றது. 1952க்கும் 1977க்கும் இடையே 25 வருஷம், 1977க்கும் 2018க்கும் இடையே 41. ஒருவர் பார்த்ததை அடுத்தவர் மறப்பதற்குப் போதுமான இடைவெளி. தன் புயலைப் பார்த்தவன் பனை வைப்பான். பேரன் அதைச் சூளைக்கு விற்பான். கொள்ளுப்பேரன் தலையில்தான் அடுத்தது வரும்.

எச்சரிக்கை, ஏற்பாடு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகப் புழங்குகிறோம். எச்சரிக்கை வெளியிலிருந்து வருவது. சென்னையிலிருந்து, செயற்கைக்கோளிலிருந்து, கூண்டிலிருந்து. அது வந்து சேர்வதற்குக் கம்பியும் கோபுரமும் வேண்டும். ஏற்பாடு, அந்தக் கம்பி அறுந்த பிறகு கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. முதலாவதை அரசாங்கம் செய்தது, நன்றாகவே செய்தது. இரண்டாவதைக் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. மனைப்பட்டா, மழைக்கும் காற்றுக்கும் நிற்கிற ஒரு சுவர், உப்பில்லாத பொதுக்கிணறு, தெருவுக்கு ஒரு அடிபம்பு எல்லாம் ஏற்பாடுகள்தான். இவை புயல்காலத்துச் சிறப்புத் திட்டங்கள் இல்லை என்பதால் பேரிடர் பட்டியலில் ஏறுவதில்லை. 2019இல் பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் பெரியகுளத்தைத் தாங்களே தூர்வாரக் கிளம்பினார்கள். புயல் கழித்து அவர்கள் கையில் எடுத்தது குளத்தை. மக்களுக்கு இது புரிந்துதான் இருக்கிறது.

*

2020இல் நிவர், புரெவி என்று அடுத்தடுத்து வந்தபோது எங்கள் தெருவில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்தார்கள், மெழுகுவத்திக் கட்டு வாங்கினார்கள், தென்னை மட்டைகளைக் கழித்துவிட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் ஊரில் இருந்தேன். டிரம்களைக் காணவில்லை. விழுந்த தோப்புகளில் மறுபடியும் தென்னம்பிள்ளைகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இப்போது கேன் தண்ணீரில்தான் பருப்பு வேகிறது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடி, பிள்ளைகள் விழாதபடி பூட்டியிருந்தார்கள். சகடை இருந்தது, கயிறு இல்லை.

"கயிறு எங்கம்மா?" என்றேன் தம்பி பெண்டாட்டியிடம்.

கொல்லைப்புறத்தைக் காட்டினாள். சப்போட்டா மரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இடையே கொடியாகக் கட்டியிருந்தாள். பள்ளிச் சீருடைகள் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. வடகிழக்கிலிருந்து காற்று லேசாக ஏறிக்கொண்டிருந்தது.

"வேணுங்கறப்போ அவுத்துக்கலாம்ல மாமா" என்று சொல்லிவிட்டு, மழை வருவதற்குள் துணிகளை எடுக்கப் போனாள். வலையின் பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.